இனிப்பு நீங்கிய தேறல்

சுவையை ஆறாக வகுத்த நம் முன்னோர் அவற்றுள் இனிப்புக்கு முதலிடம் தந்தனர். விருந்திலும் அதுவே முதலில் இலைக்கு வரும். பிறந்த குழந்தையின் நாவில் தடவுவதும் தேனோ சர்க்கரை நீரோதான். ஆயினும் மனிதன் வளர வளர அவன் நாவும் வளர்கின்றது. பாகற்காயை வெறுத்த சிறுவன் ஒருநாள் அதனைக் கேட்டு வாங்கி உண்கின்றான். சுண்டைவற்றலும் வேப்பம்பூவும் மோர்மிளகாயும் முதிர்ந்த நாவுக்கு உரியவை. இனிப்பை விரும்புதற்குப் பயிற்சி வேண்டா. இனிப்பு இல்லாத ஒன்றின் நயத்தை உணர்தற்குப் பயிற்சி வேண்டும். அத்தகைய ஒரு பொருளைப் பற்றியே இங்குச் சில சொல்லப் புகுகின்றோம். அது பிரெஞ்சு நாட்டின் வெண்ணிறத் திராட்சை மது. அம்மதுவைப் பற்றிப் பேசப் புகுந்தால் எம் ஊர்த் தென்னந்தோப்பைப் பற்றியும் பேசாதிருக்க இயலவில்லை என்பதையும் முன்னரே கூறிவிடுகின்றோம்.

யாம் எல்லையில் வாழ்பவர். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டியது எம் சிற்றூர். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எத்திசையில் நடந்தாலும் சிறிது தொலைவில் மாநிலம் மாறிவிடும், மொழி மாறாது. எம் தமக்கையைக் கொடுத்த ஊர் குமுளி. அது இடுக்கி மாவட்டத்தின் எல்லை. அங்கிருந்து மலைப்பாதையில் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. ஆகவே எம் குடும்பத்துக்கு ஒரு முனையில் தென்னையும் மறுமுனையில் திராட்சையும் உறவாயின. அங்கிருந்து வரும்போது திராட்சைக் கூடையும், இங்கிருந்து போகும்போது தேங்காய் மூட்டையும் கொண்டு செல்வது எம் வீட்டு வழக்கம்.

புதுச்சேரியில் எமக்கு ஒரு நண்பர் உண்டு. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி அவ்வூரை விட்டு நீங்கிய பின்னரும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் அங்குப் பல உள. அத்தகைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். அவருடைய இளவல் ஸ்திராஸ்பூர் நகரில் வாழ்கின்றார். ஒரு திருமணத்தை ஒட்டி யாமும் எம் சிற்றப்பாவும் புதுச்சேரி சென்றிருந்த காலை, அவ்விளவல் கொணர்ந்த ஒரு புட்டியை நண்பர் திறந்தார். நெடிது மெலிந்த பச்சைப் புட்டி, மஞ்சள் சீட்டு. அல்சாஸ் மாநிலத்துத் திரிம்பாக் குடும்பத்தாரின் ரீஸ்லிங் என்னும் வகை அது. குடிப்பழக்கம் எமக்கு இல்லை. ஆயினும் சுவைத்துப் பார்க்க மறுக்கும் துறவும் எமக்கு இல்லை.

எம் சிற்றப்பா நாற்பது ஆண்டுகள் தென்னந்தோப்பைப் பேணியவர். கள் இறக்கும் மரங்களோடு வாழ்ந்தவர். கிண்ணத்தை முகர்ந்தார், ஒரு வாய் பருகினார், கண்ணை மூடினார். பின்னர், "இது நம்ம அந்திக்கள்ளுக்குப் பங்காளி மாதிரி இருக்குது கண்ணு" என்றார். மேசையைச் சுற்றி இருந்தோர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை. அச்சொல்லில் பொருள் இருந்தது. அதனை ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

அம்மதுவின் நிறம் இளம்பொன். அதன் மணத்தில் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் மழை நனைத்த கல்லும் நினைவுக்கு வரும். நாவில் பட்டவுடன் ஒரு கூர்மை தோன்றும். இனிப்பு வரும் என்று காத்திருக்கும் நாவுக்கு அது வருவதில்லை. கன்னங்களின் உட்புறம் ஊறும். விழுங்கிய பின்னர் வாய் தூய்மையுற்று அடுத்த கவளத்தை வேண்டும். நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தவர் இந்நிலையை எளிதில் உணர்வர். நெல்லியின் இனிமை நெல்லியில் இல்லை. அதற்குப் பின் வருவதில் உள்ளது. இம்மதுவின் கவர்ச்சியும் அவ்வாறே. அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. உண்ணும் மீனையும் உப்பையும் எண்ணெயையும் காட்டுகின்றது. அன்று எமக்கு வைத்த வஞ்சிர மீன் வறுவல், அதற்கு முன் உண்ட எந்த வறுவலையும் விடச் சுவைத்தது என்றால் அது மிகையன்று.

இத்தகைய மதுவைப் பிரெஞ்சுக்காரர் 'செக்' என்பர். 'உலர்ந்தது' என்பது பொருள். நீராய் ஓடும் ஒன்று உலர்ந்திருப்பது எங்ஙனம் என்று வினவலாம். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை நொதிகள் உண்டு சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. இடையில் அதனை நிறுத்தினால் இனிப்பு எஞ்சும். நிறுத்தாமல் இறுதிவரை விட்டால் சர்க்கரை ஏறக்குறைய முற்றும் தீர்ந்துபோகும். ஒரு லிட்டரில் 4 கிராமுக்கு மிகாமல் சர்க்கரை எஞ்சியிருப்பதே ஐரோப்பியர் கணக்கில் இவ்வகைக்குப் பொது அளவு. ஆகவே இங்கு உலர்ந்தது நீர் அன்று, இனிப்பு. தமிழில் இதனை 'இனிப்பு நீங்கிய தேறல்' என்று கூறலாம் என்பது எம் கருத்து.

இனி எம் ஊர்ப் பாளையைப் பார்ப்போம். விரியாத தென்னம்பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் கட்டுவர். காலையும் மாலையும் மரம் ஏறி மெல்லிய இழையாகப் பாளையைச் சீவ வேண்டும். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீரும். மெலிந்தால் துளை அடைபடும். அந்த அளவு கைக்குத் தெரியும். வாய்க்குச் சொல்லத் தெரியாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும். தடவாவிடின், சாறு சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் தம் வேலையைத் தொடங்கிவிடும். இறக்கிய உடனே அது இனிப்பு மிகுந்தது, நுரை பொங்குவது. நேரம் செல்லச் செல்ல இனிப்புக் குறைந்து புளிப்பும் காரமும் ஏறும். சாராயம் 5 முதல் 8 விழுக்காடு வரை உயரும். மறுநாள் கடந்தால் காடியாகத் திரும்பும். மலையாளத்தில் முதலாவதை மதுரக்கள் என்றும் பின்னதை மூத்த கள் என்றும் வழங்குவர். இனிப்பிலிருந்து இனிப்பின்மைக்குச் செல்லும் அதே பாதையில்தான் அல்சாஸ் மதுவும் நடக்கின்றது. ஒன்று ஒரு பகலில் நடந்து முடிக்கின்றது. மற்றொன்று திங்கள் கணக்கில் நடந்து, புட்டியில் அடைபட்டு, ஆண்டுக்கணக்கில் இளைப்பாறுகின்றது. பங்காளி என்று எம் சிற்றப்பா கூறியது இதனாலேயே பொருந்துகின்றது.

தமிழ் இலக்கியம் இவ்வேறுபாட்டை அறியாததன்று. கள், நறவு, மட்டு, பிழி, அரியல், தோப்பி, தேறல் என்று சங்கப் பாடல்களில் வழங்கும் சொற்களை நோக்குக. குடித்து மயங்குவது மட்டும் நோக்கமாயின் ஒரு சொல் போதும். ஏழு சொற்கள் எதற்கு? மூலப்பொருளும் பக்குவமும் தெளிவும் வேறு வேறு என்று கண்டதனாலன்றோ சொற்களும் பெருகின! தேறுதல் என்பது தெளிதல். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் தேனை ஊற்றி முதிரவிட்ட தேறலைப் பத்துப்பாட்டு கூறும். அத்தகைய நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேளின் கடுப்போடு ஒப்பிட்டனர் புலவர். தேளின் கடுப்பில் இனிப்பு ஏது? முதிர்ந்து இனிப்பு நீங்கிய மதுவையே அவர்கள் உயர்த்திக் கூறினர் என்று கொள்வதில் தவறில்லை.

கடல் கடந்து வந்த மதுவும் புதியதன்று. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தித் தர அவன் மகிழ்ந்திருக்குமாறு வாழ்த்துகின்றார். 1945-இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மது கொணர்ந்த இருபுறக் கைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. பண்டைய முசிறி என்று கருதப்படும் கேரளத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளும் அத்தகைய ஓடுகளைத் தந்தன. எனவே புதுச்சேரி மேசையில் ஓர் அயல்நாட்டுப் புட்டியைத் திறந்தது தமிழன் வாழ்வில் முதன்முதல் நிகழ்ந்த செயல் அன்று.

நிலத்தை நோக்கினால் உறவு இன்னும் நெருங்குகின்றது. அல்சாஸின் மேற்கே வோஜ் மலைத்தொடர் நிற்கின்றது. அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் மேகங்கள் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட, கிழக்கே உள்ள கொல்மார் நகரத்துக்கு எஞ்சுவது குறைவு. பிரெஞ்சு நாட்டில் மழை குறைந்த நகரங்களுள் கொல்மாரும் ஒன்று. திராட்சைக்கு அதுவே நலம். ஈரம் மிகுந்தால் கொத்து அழுகும். இதனைப் படித்தபோது எமக்குக் குமுளி நினைவுக்கு வந்தது. அங்கே தேக்கடிக் காடு நனைந்து கிடக்கும். ஏலத்தோட்டங்களில் அட்டை ஊரும். எல்லைச் சாவடியைக் கடந்து சில வளைவுகள் இறங்கினால் வானம் வெளுத்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன்பால் நிறுத்திக்கொள்ள, மலையின் நிழலில் கம்பம் பள்ளத்தாக்கு கிடக்கின்றது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி என்று ஊர்தோறும் திராட்சைப் பந்தல்கள். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து அப்பக்கம் இறங்கி அப்பள்ளத்தாக்கை நனைக்கின்றது. மழை ஒருபுறம், கொடி மறுபுறம். இடுக்கியில் பெய்தது கம்பத்தில் கனியாகின்றது. எல்லைக் கோடு இந்த உறவைக் கண்டதில்லை.

அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தமிழகத்திற்குத் திராட்சையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் கொணர்ந்தார் என்பது வழங்கும் செய்தி. அது மெய்யாயின் அல்சாஸுக்கும் கம்பத்துக்கும் மற்றுமோர் உறவு உண்டென்று மகிழலாம். ஆயினும் கம்பத்துத் திராட்சை பெரும்பாலும் பழமாகவே உண்ணப்படுகின்றது. குமுளியிலும் பீருமேட்டிலும் வாழும் கிறித்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குப் பல நாள் முன்னரே கறுந்திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் ஏலமும் சேர்த்துச் சாடியில் மூடி வைக்கும் வழக்கம் உண்டு. எம் தமக்கையின் அண்டை வீட்டார் அதனைச் சிறு கிண்ணத்தில், பழக் கேக்குடன் அளிப்பர். இனிப்பு மிகுந்த அம்மது விழாவுக்கு உரியது, அன்புக்கு உரியது. அதனைக் குறை கூறோம். ஆனால் அதில் சர்க்கரையும் ஏலமும் பேசும். கம்பத்து மண் பேசாது. அல்சாஸ் மதுவில் மறைத்தற்கு ஏதும் இல்லை. சர்க்கரை என்னும் போர்வை நீங்கியதால் பழம் கெட்டிருந்தால் தெரியும். கலம் அழுக்காயிருந்தால் தெரியும். மழை மிகுந்த ஆண்டு என்பதும் தெரியும். இனிப்பு நீங்கிய மது, செய்தவனின் நேர்மைக்குச் சான்று. அதன் கவர்ச்சியின் வேர் இதுவே என்று யாம் துணிகின்றோம்.

அந்நேர்மைக்கு உரியவன் யார் என்பதைச் சீட்டு சொல்கின்றது. திரிம்பாக் குடும்பத்தார் 1626 முதல் மதுத் தொழிலில் இருப்பவர்கள். மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சிக்கு வந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நாயக்கர் ஆட்சி போயிற்று. அக்குடும்பத்தின் 13-ஆம் தலைமுறை இன்றும் அதே தொழிலில் இருக்கின்றது. அல்சாஸ் செருமனிக்கும் பிரான்சுக்கும் இடையே பலமுறை கைமாறிய எல்லை நிலம் என்பதையும் எண்ணுக. ஹூனாவிர் என்னும் சிற்றூரில் அவர்களுக்கு 'குளோ சேந்த் ஹூன்' என்று ஒரு தோட்டம் உண்டு. அதன் பரப்பு 1.67 ஹெக்டேர்; நம் கணக்கில் நான்கு ஏக்கரைச் சற்றே மிஞ்சும். அந்த நான்கு ஏக்கரின் மதுவை உலகெங்கும் உள்ள சுவைஞர் பெயர் சொல்லித் தேடுகின்றனர்.

நான்கு ஏக்கர்! எம் சித்தூர் வட்டத்தில் நான்கு ஏக்கர்த் தோப்பு வைத்திருப்பவர் எத்துணையோ பேர். சித்தூர்க் கள் விடியற்காலையிலேயே வண்டிகளில் ஏறிக் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் செல்கின்றது. ஆனால் அது எந்தத் தோப்பின் கள் என்பதை எவரும் அறியார். செம்மண் தோப்பா, கரிசல் தோப்பா, யார் சீவியது, எப்போது இறக்கியது என்பதெல்லாம் பெரும் பீப்பாயில் கலந்து மறைகின்றன. பெயர் மறைந்த இடத்தில் பொறுப்பும் மறையும். பொறுப்பு மறைந்த இடத்தில் கலப்படம் நுழையும். 2010-ஆம் ஆண்டு மலப்புறம் மாவட்டத்தில் நஞ்சு கலந்த கள்ளைப் பருகி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க இயலுமா? அம்மரங்கள் நஞ்சைச் சுரக்கவில்லை. பாளைக்கும் கிண்ணத்துக்கும் இடையே, பெயரில்லாத வழியில் நஞ்சு சேர்ந்தது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. கேரளத்தில் 1996-இல் சாராயம் தடுக்கப்பட்டது, கள் தடுக்கப்படவில்லை. ஆகவே எம் ஊரில் ஒரே இனத் தென்னை, வாய்க்காலுக்கு இப்பால் கள் தரலாம். அப்பால் தந்தால் குற்றம். அத்தடை வந்த பின்னர் எல்லைக்கு அப்பாலிருந்து எம் தோப்புக்கு மரம் ஏற வந்த ஒருவரை யாம் அறிவோம். அவர் காலடியில் நாரும் இடுப்பில் அரிவாளுமாக வந்து நின்ற நாள் முதல் எம் சிற்றப்பா அவரை "அண்ணா" என்றே அழைத்தார். வயதில் மூத்தவர் என்பதனால் மட்டும் அன்று. "நான் தோப்புக்குச் சொந்தக்காரன், கள்ளுக்குச் சொந்தக்காரர் அவர்" என்பார் சிற்றப்பா. அம்மனிதர் தாம் இறக்கிய கள்ளைத் தாம் பருகியதில்லை. கிண்ணத்தின் ஓரத்தை நாவால் தொட்டுப் பார்ப்பார். பாளை எவ்வாறு இருக்கின்றது என்று அதில் அறிவார். அவர் மரம் ஏறி ஈட்டிய பணத்தில் அவர் மகள் ஆசிரியை ஆனாள். அவர் மறைந்துவிட்டார். அவர் கை அறிந்த அளவு அவருடனே சென்றுவிட்டது. எந்தச் சீட்டிலும் அவர் பெயர் இல்லை.

கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை மறந்து யாம் இதனை எழுதவில்லை. 93-ஆம் அதிகாரத்தின் பத்துக் குறளும் எம் இளமையில் மனப்பாடமாயின. பெற்ற தாயும் முகம் சுளிக்கும் நிலையை அவர் காட்டும்போது, எம் தெருவிலேயே அத்தகைய தாய்மாரைக் கண்ட எம் நெஞ்சு ஒப்புகின்றது. கூலியை முழுதும் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தந்தையர் உள்ளவரை அவ்வதிகாரம் பழையதாகாது. அல்சாஸ் மதுவாயினும் அளவு கடந்தால் அதே தீமைதான். பிரெஞ்சு மொழியில் பெயர் எழுதியிருப்பதால் கல்லீரல் அதற்குச் சலுகை காட்டாது. ஆனால் ஒன்றைக் கருதுதல் வேண்டும். வேலூரிலும் மதுரையிலும் ஆலைச் சாராயம் அரசுக் கடையில் தாராளமாகக் கிடைக்க, உழவன் மரத்தில் ஊறும் நீருக்கு மட்டும் விலங்கிடுவது வள்ளுவர் வழியாகுமா? வள்ளுவர் மயக்கத்தைக் கடிந்தார். மரம் ஏறுபவனைக் கடிந்தாரல்லர்.

அதியமானை நினைத்துப் பார்க்கின்றோம். நெடுநாள் வாழ்வு தரும் அரிய நெல்லிக்கனியை ஒளவைக்கு அளித்தவன் அவன். சிறிதளவு கள் கிடைப்பின் அதனைத் தான் பருகாது தமக்கே தருவான் என்று அவன் இறந்தபோது ஒளவை அரற்றியதும் அவனைப் பற்றியே. நெல்லியும் கள்ளும் ஒரே கையிலிருந்து ஒரே கைக்குச் சென்றன. இரண்டிலும் இனிப்பைவிடப் புளிப்பும் கடுப்பும் மிகுதி. இரண்டையும் இனிதாக்கியது தந்தவனின் பண்பு. குடிப்பொருள் பெருமை பெறுவது அளவாலன்று. யார் ஆக்கினார், யார் அளித்தார், எத்துணை நேர்மையாக என்பதால்.

ஆகவே அப்பிரெஞ்சு மதுவிடம் யாம் காணும் கவர்ச்சி, அதனை வாங்கிப் பருக வேண்டும் என்னும் ஆசையன்று. அது எமக்கு ஓர் அளவுகோல் ஆயிற்று. எல்லையில் உள்ள ஒரு நாட்டார், மழை மறைந்த ஒரு நிலத்தில், நான்கு ஏக்கரில், இனிப்பைச் சேர்த்து மறைக்காமல் ஒரு பொருளை ஆக்கி, அதன்மேல் தம் குடும்பப் பெயரை எழுதி, நானூறு ஆண்டு தலைநிமிர்ந்து நிற்கலாம் என்று அது காட்டுகின்றது. கம்பத்துப் பழத்துக்கு ஊரின் பெயர் கிடைத்துவிட்டது. சித்தூர்ப் பாளைக்கும் ஒரு நாள் தோப்பின் பெயர் கிடைக்கட்டும். கள்ளாகவோ, பதநீராகவோ, காடியாகவோ, எவ்வடிவிலாயினும் ஆகுக. அன்று அச்சீட்டில் தோப்புக்கு உரியவர் பெயரை எழுதுவோர், அதன் கீழே சிறிது இடம் விட்டு, மரம் ஏறியவர் பெயரையும் எழுதுக. எம் சிற்றப்பா வகுத்த உரிமை முறைப்படி, எழுதத் தக்க முதற்பெயர் அதுவே.